அமேசான் விதை கீரிப்பாறைக்கு வந்த கதை

நண்பர்களே, இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் கிடையாது. ஒரு விதையோட வரலாறு. இழை கொஞ்சம் நீளம். டூட்டி முடிஞ்சு, டீ குடிச்சுக்கிட்டே சாவகாசமா வாசிங்க.

போன ஆகஸ்ட் மாசம் ஒருநாள் காலை. ஓபி கூட்டத்துக்கு நடுவுல ஒரு அம்மா இடது கையை ஈரத் துண்டால சுத்திக்கிட்டு வந்து நின்னாங்க. அறுபது தாண்டியிருக்கும். ரப்பர் பால் வெட்டுற கத்தியைத் தீட்டும்போது நழுவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல கிழிச்சிருந்தது. நரம்பு, தசைநார் எல்லாம் தப்பிச்சிருந்தது. நாலு தையல் போதும். (அடையாளம் தெரியக் கூடாதுன்னு அவங்களைப் பத்தின சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

கையைக் கழுவிட்டு கையுறையை மாட்டினேன். அதையே பார்த்துக்கிட்டு இருந்தவங்க கேட்டாங்க:

"அது எங்க பாலுதானே தம்பி?"

பெட்டியைத் திருப்பிப் பார்க்கப் போனேன். அப்புறம்தான் தோணுச்சு, பார்க்கவே வேண்டாம். அது மலேசியாவுல வடிச்ச பாலா இருந்தாலும், கோட்டயத்துல வடிச்சதா இருந்தாலும், நம்ம குலசேகரம், கீரிப்பாறைப் பாலா இருந்தாலும், ஏறத்தாழ எல்லாத்துக்கும் பாட்டன் பூட்டன் ஒண்ணுதான். 1876-ல ஒரு கப்பல்ல வந்த விதை. அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல ஒரு விஷயம். குமரி மாவட்டத்துல மேற்கே போனா எங்க பார்த்தாலும் ரப்பர். அருமனை, குலசேகரம், பேச்சிப்பாறை, சிற்றாறு. இங்க பிறந்த பிள்ளைகளுக்கு அது பூர்வீக மரம் மாதிரி. ரப்பர் காய் வெயிலுக்கு 'டப்'னு வெடிச்சு கொட்டை தூரப் போய் விழும். அதைப் பொறுக்கி, சிமென்ட் தரையில பரபரன்னு தேய்ச்சு, சூடு ஏறினதும் பக்கத்துல இருக்கிறவன் தொடையில வைப்போம். நானும் வாங்கியிருக்கேன், கொடுத்துமிருக்கேன்.

ஆனா அந்த மரம் அமேசான் காட்டு மரம். அங்க காட்டுல தானா வளருது. காட்டுல ஒரு மரம் இங்க நின்னா அடுத்தது எவ்வளவோ தள்ளி நிக்கும். நம்ம மரச்சீனிக் கிழங்கும் அதே பிரேசில் பக்கம், அதே ஆமணக்குக் குடும்பம். ரெண்டுலயும் சயனைடு வெளியிடுற ஒரே பொருள் இருக்கு. கிழங்கை வேகவெச்சு தண்ணியைக் கொட்டுறோம். ரப்பர் கொட்டையைப் பிள்ளைங்க வாயில வெச்சா உடனே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. இது டாக்டரா நான் சொல்ற ஒரு வரி. கதைக்கு வருவோம்.

19-ஆம் நூற்றாண்டு நடுவுல ரப்பருக்குத் தேவை எகிறுது. இயந்திரங்களுக்கு வாஷர், ரயில். பால் பெரும்பாலும் அமேசான் காட்டுல இருந்து வரணும். லண்டன்ல இந்திய அலுவலகத்துல கிளெமென்ட்ஸ் மார்க்கம்னு ஒருத்தர் இருந்தார். 1860-ல தென் அமெரிக்காவுல இருந்து சின்கோனாவைக் கொண்டு வந்து நீலகிரியில வளர்க்க ஏற்பாடு செஞ்சவர். மலேரியாவுக்கு அன்னைக்கு இருந்த ஒரே உருப்படியான மருந்தான குயினின் வர்ற மரம். மருந்து மரத்தைப் பெயர்த்துக் கொண்டு வர முடிஞ்சதுன்னா ரப்பரை முடியாதான்னு அவருக்கு யோசனை.

இங்கதான் சிக்கல். நெல் விதையை நல்லா உலர்த்தி வெச்சா அடுத்த பூ வரைக்கும் தூங்கும். ரப்பர் விதை தூங்காது. ஈரம் போனா செத்துரும். ஈரத்தோடயே வெச்சா பூசணம் பிடிக்கும், உள்ள இருக்கிற எண்ணெய் காறிப் போகும். உறைஞ்சு போனாலும் செத்துரும். மரத்துல இருந்து விழுந்து ரெண்டு மூணு வாரத்துக்குள்ள மண்ணுக்குப் போகணும். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை மாதிரின்னு வெச்சுக்கோங்க. கிட்னியை எடுத்த நிமிஷத்துல இருந்து கடிகாரம் ஓடும். அதையாவது ஐஸ்ல வைக்கலாம். ரப்பர் விதைக்கு அதுவும் கிடையாது. அந்தக் காலத்துல அமேசான்ல இருந்து இங்கிலாந்துக்கு நீராவிக் கப்பல்ல வாரக்கணக்கா பயணம்.

1873-ல முதல் முயற்சி. ஏறத்தாழ 2,000 விதை கியூ தாவரவியல் தோட்டத்துக்கு வந்துச்சு. முளைச்சது ஒரு டஜன். அதுல 6 செடியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினாங்க. தேறலை.

ஏன் தேறலைங்கிறது முக்கியம். கல்கத்தா 22 டிகிரி வடக்கு. அங்க குளிர்காலம்னு ஒண்ணு உண்டு, மாசக்கணக்கா மழையில்லாத காலமும் உண்டு. இந்த மரம் பூமத்திய ரேகையை ஒட்டி, வருஷம் பூரா வேர்வை வழியிற காட்டுல வளர்ந்தது. செடியில கோளாறு இல்லை. கொண்டு போய் வெச்ச இடம் தப்பு. அதிகாரிகளுக்கு அது புரிஞ்சதும் கல்கத்தாவை விட்டுட்டு இலங்கையைப் பார்த்தாங்க.

1876. ஹென்றி விக்கம்னு ஒரு ஆங்கிலேயர். பிரேசில்ல சாந்தரெம் ஊர்ல தோட்டம் போட்டு நொடிச்சுப் போனவர். ஆயிரம் விதைக்கு 10 பவுண்டுன்னு பேச்சு. தபஜோஸ் ஆத்துப் பக்கத்துக் காட்டுல, உள்ளூர் ஆட்களை வெச்சு, 70,000 விதை பொறுக்கினார். காய்ஞ்ச வாழை இலையை ஊடே ஊடே வெச்சு கூடையில கட்டி, 'அமேசானாஸ்' கப்பல்ல ஏத்தினார். 'திருடிக்கிட்டுப் போனார்'னு இன்னைக்கும் சொல்வாங்க. அந்த நேரத்துல ரப்பர் விதையைக் கொண்டு போகக் கூடாதுன்னு பிரேசில்ல சட்டம் இருக்கலை. துறைமுகத்துல முழு உண்மையையும் சொல்லலை, அவ்வளவுதான். வயசான காலத்துல சாகசக் கதையாக்கி ஊதிப் பெருசாக்கினதுல அவருக்கே பெரிய பங்கு உண்டு. ஆனா சட்டம் இல்லைங்கிறதால நியாயம்னு ஆகிடுமா? அந்தக் கூடைகளைப் பின்னி, விதை பொறுக்கின ஆட்கள் பேர் ஒண்ணுகூட நமக்குத் தெரியாது. விக்கமுக்குப் பின்னாடி 'சர்' பட்டம் கிடைச்சுது.

ஜூன் 14-ஆம் தேதி விதை கியூ தோட்டத்துக்கு வந்து சேருது. அங்க இயக்குநர் ஜோசப் ஹூக்கர். தாவரவியல் மேதைன்னு எல்லாருக்கும் தெரியும். கிளாஸ்கோவுல மருத்துவம் படிச்சவர்ங்கிறது பலருக்குத் தெரியாது. (நம்ம ஆளு!) கண்ணாடி வீட்டுல இடத்தை ஒழிச்சு அத்தனையையும் விதைச்சாங்க. 70,000-த்துல முளைச்சது சுமார் 2,700. நூத்துக்கு நாலு கூட இல்லை.

அந்த நாலு பேருக்குள்ளதான் உலகத்தோட டயர் எல்லாம் அடங்கியிருந்தது.

இனி அந்த நாத்தைக் கடல் தாண்டி இலங்கைக்குக் கொண்டு போகணும். உப்புக் காத்து பட்டா கருகும். அதுக்கும் ஒரு டாக்டர்தான் வழி பண்ணி வெச்சிருந்தார். நத்தானியேல் வார்டு, லண்டன்ல ஏழை ஜனங்க வாழ்ந்த பகுதியில பிராக்டீஸ் பண்ணினவர். 1829 வாக்குல, மூடின கண்ணாடிக் குப்பியில ஒரு கூட்டுப்புழுவை வளர்க்கப் போய், உள்ள ஈர மண்ணுல தானா ஒரு பெரணிச் செடி முளைச்சு நிக்கிறதைப் பார்த்தார். உள்ள இருக்கிற ஈரமே ஆவியாகி, திரும்ப வேர்த்து, செடிக்குப் போகுது. அதை வெச்சு அவர் செஞ்ச கண்ணாடிப் பெட்டிக்கு 'வார்டியன் பெட்டி'ன்னு பேரு. நம்ம குறைமாசக் குழந்தைகளை வைக்கிற இன்குபேட்டரைப் பார்க்கிறப்போ எனக்கு அந்த ஞாபகம் வரும். ரெண்டுக்கும் நேரடி சம்பந்தம் இல்லை, சும்மா ஒரு நினைப்பு.

ஆகஸ்ட்ல 38 வார்டியன் பெட்டியில 1,919 நாத்து கொழும்புக்குப் புறப்பட்டது. பெரும்பாலானது உயிரோட வந்து சேர்ந்தது. பேராதனைத் தோட்டம் மலை மேல. அதனால கம்பஹா பக்கம் ஹெனரத்கொடையில, தாழ்வான, வெக்கையும் ஈரமும் உள்ள இடமா பார்த்து, ரப்பருக்குன்னே ஒரு தோட்டம் திறந்தாங்க. 7 டிகிரி வடக்கு. அங்க ஒட்டிக்கிச்சு.

நம்ம கல்குளம், விளவங்கோடு பக்கம் 8 டிகிரி சொச்சம். ஹெனரத்கொடையில வளர்ந்தது இங்க வளராமலா இருக்கும்?

ஆனா உடனே யாரும் சீந்தலை. இலங்கைத் தோட்டக்காரங்களுக்கு காபி போச்சேன்னு அழுகை. 1869-ல பார்த்த இலைத் துரு நோய் சில வருஷத்துல காபியை மொத்தமா அழிச்சுது. அந்தக் காபிக்காகத்தான் நம்ம ஜனங்களைக் கூட்டம் கூட்டமா அங்க கொண்டு போயிருந்தாங்க. காபி போய் தேயிலை வந்தது. ஜனங்க அங்கயே இருந்தாங்க. அப்புறம் மோட்டார் கார் வந்தது, டயர் வந்தது, 1910-ல ரப்பர் விலை உச்சத்துக்குப் போச்சு. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரின்னு ரப்பர் தோட்டம் பரவிச்சு. அங்கயும் கணிசமா நம்ம ஜனங்கதான் பால் வெட்டினாங்க.

அதே காலத்துல காட்டு ரப்பர் எடுத்த இடங்கள்ல நடந்ததை வாசிச்சா சாப்பாடு இறங்காது. காங்கோவுலயும் புட்டுமாயோவுலயும் அளவு குறைஞ்சா அடி, கொலை. ரோஜர் கேஸ்மென்ட் எழுதின அறிக்கைகள்ல எல்லாம் இருக்கு. தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை 1913 வாக்குல முந்திச்சு. தோட்டத்துல மட்டும் சொர்க்கமான்னா அதுவும் இல்லை. மண்டபத்துல இலங்கை அரசு ஒரு முகாம் நடத்திச்சு. காலரா, அம்மை இருக்கான்னு பார்க்க, போற ஜனங்களைச் சில நாள் அங்க அடைச்சு வெச்சுதான் கப்பல் ஏத்தினாங்க. கியூ கண்ணாடி வீடு செடிக்கு. மண்டபம் மனுஷனுக்கு.

இந்தியாவுல ரப்பர் தோட்டமா உருவானது 1902, திருவிதாங்கூர்ல, பெரியாத்தங்கரை தட்டேக்காடு. நம்ம குமரி அப்போ திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 வரைக்கும் அப்படித்தான். துரைமார் எஸ்டேட்டுகள் மூலமா குலசேகரம் பக்கம் ரப்பர் ஏறிச்சு.

இந்த மாவட்டத்துல ஒரு வேடிக்கை உண்டு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல்ல நின்னு பாருங்க. கணவாய்க் காத்து ஆளைத் தூக்கும், அதனாலதான் அங்க காத்தாடி. மழையும் கம்மி. ரப்பர் கட்டை மளுக்குன்னு முறியிற ஜாதி, அங்க நிக்காது. அங்கிருந்து பஸ்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட மேற்கே போனா தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, வருஷத்துல ரெண்டு மழைக்காலம். கேரளத்துல ஆனி ஆடியில கொட்டித் தீர்க்கிற மழையில ரப்பர் இலையெல்லாம் நோய் வந்து உதிரும். நமக்கு மழை பங்கு போட்டு வர்றதால அந்த நோய் குறைவு. நாட்டுல ரப்பருக்கு ஏத்த இடம்னு பட்டியல் போட்டா குமரி முன்வரிசையில இருக்கும். நெல்லும் தென்னையும் நாஞ்சில் நாட்டுக்காரனோட பெருமை. கிராம்பும் ரப்பரும் வந்தேறி. அந்த வந்தேறிக் கிராம்புக்குத்தான் 2021-ல 'கன்னியாகுமரி கிராம்பு'ன்னு புவிசார் குறியீடு கிடைச்சுது.

இப்போ ஒரு கேள்வி. அந்த மரத்தை அது பிறந்த மண்ணுலயே தோட்டம் போட்டா இன்னும் நல்லா வரணும்தானே?

ஹென்றி போர்டு அப்படித்தான் நினைச்சார். 1928-ல அதே தபஜோஸ் ஆத்தங்கரையில ஒரு ஊரையே கட்டி ரப்பர் நட்டார். தென் அமெரிக்க இலைக்கருகல்னு ஒரு பூசண நோய் உண்டு. காட்டுல மரம் தள்ளித் தள்ளி நிக்கிறதால அது பரவாது. வரிசையா நட்டதும் மரத்துக்கு மரம் தாவி இலையை மொட்டையடிச்சிருச்சு. 1945-ல எல்லாத்தையும் பிரேசில் அரசுகிட்டயே கொடுத்துட்டுப் போனாங்க. விக்கம் கொண்டு வந்தது வெறும் விதை. அந்த நோய் இருக்கிறது இலையில. கடலையும் கண்ணாடி வீட்டையும் தாண்டி அது கூட வரலை. இன்னிவரைக்கும் ஆசியாவுக்கு வரலை. பிறந்த மண்ணுல பூமியை ஒழுங்கா காட்ட விடாத எதிரி, வந்த மண்ணுல இல்லை. அதான் இங்க தழைச்சுது.

இதுல பயமும் இருக்கு. எல்லாம் ஒரே சில ஆயிரம் நாத்தோட வம்சம். ஒருத்தனுக்கு வந்தா ஊருக்கே வரும். அதனாலதான் 1981-ல திரும்ப அமேசானுக்குப் போய் 60,000-க்கு மேல விதை சேகரிச்சுட்டு வந்தாங்க. இந்தத் தடவை பிரேசில் அரசு கூட சேர்ந்து.

சரி, தையல் மேசைக்கு வருவோம்.

மரத்துப்போற ஊசி போட்டுட்டுக் காத்திருந்தேன். அந்த அம்மா பிறந்தது கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல. அப்பா, தாத்தா எல்லாம் அங்கயே. 1948-ல இலங்கை கொண்டு வந்த சட்டத்தால மலையகத் தமிழர்ல பெரும்பாலானவங்க நாடற்றவங்க ஆனாங்க. 1964-ல சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியை அப்புறம் பார்க்கலாம்னு கணக்குப் போட்டாங்க. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். தாத்தாவோட அப்பாவைப் போகும்போது அடைச்சு வெச்ச அதே மண்டபம்.

"பதினோரு வயசு தம்பி. கப்பல்ல வாந்தி எடுத்தே வந்தேன். ஊருக்குப் போறோம், ஊருக்குப் போறோம்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே வந்துச்சு. எந்த ஊருன்னு அதுக்கும் தெரியாது."

அப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் குமரிக் காட்டுல அரசு ரப்பர் தோட்டத்தை விரிச்சுது. கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு, மணலோடை. வனத்துறைகிட்ட இருந்த தோட்டத்தை 1984-ல நாகர்கோவிலைத் தலைமையிடமா வெச்சு அரசு ரப்பர் கழகம்னு ஆக்கினாங்க. அந்த அம்மா அங்க வெட்டி ஓய்வு பெத்து, இப்போ ஒரு சின்னத் தோட்டத்துல கூலிக்கு வெட்டுறாங்க. விடியறதுக்கு முன்னாடி நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு. காலையில குளிர்ச்சியில மரத்துக்குள்ள அழுத்தம் கூட, பால் நல்லா ஓடும்.

நான் முதல் தையல் போடும்போது எட்டிப் பார்த்தாங்க. பெரும்பாலான நோயாளிங்க முகத்தைத் திருப்பிக்குவாங்க. இவங்க குனிஞ்சு பார்த்தாங்க.

"எவ்வளவு ஆழம் போறீங்க?"

சொன்னேன்.

"நாங்களும் அப்படித்தான். மேல வெட்டினா பால் வராது. உள்ள போச்சுன்னா மரம் முண்டு முண்டா வீங்கிரும், அப்புறம் அந்தப் பட்டை ஆகாது. ஒரு நூல் விட்டு நிறுத்தணும்."

அது உண்மை. பட்டையில பால் குழாய்கள் நிறைய இருக்கிறது உள்பக்கம். அதுக்கும் உள்ள வளர்திசு. அதுல இருந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டு கத்தி நிக்கணும். அமேசான்ல கோடரியால கொத்தி மரத்தையே கெடுத்தாங்க. சிங்கப்பூர்ல ரிட்லிங்கிறவர், ரப்பர் கொட்டையைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு தோட்டக்காரங்ககிட்ட திணிச்சுக்கிட்டே திரிஞ்சதால 'பைத்தியக்கார ரிட்லி'ன்னு பேர் வாங்கினவர், பழைய வெட்டையே மெல்லிசா சீவித் திறந்தா பால் கூடுதுன்னு காட்டினார். காயத்துக்கு மரம் காட்டுற எதிர்வினை அது. நான் சர்ஜரியில வருஷக்கணக்கா கத்துக்கிட்ட ஆழக் கணக்கை இந்த அம்மா இருட்டுல, டார்ச் வெளிச்சத்துல, தினமும் நூத்துக்கணக்கான மரத்துல போடுறாங்க.

கையுறை கதையும் சொன்னேன். 1889 வாக்குல அமெரிக்காவுல ஹால்ஸ்டெட்னு ஒரு சர்ஜன். அவரோட ஆபரேஷன் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனுக்கு கிருமிநாசினி பட்டுக் கையெல்லாம் புண். அவருக்காக ஒரு ரப்பர் கம்பெனியில சொல்லி மெல்லிசா கையுறை செய்யச் சொன்னார். நர்ஸோட கையைக் காப்பாத்த வந்த பொருள். பிறகுதான் நோயாளியோட புண்ணும் சீழ் பிடிக்காம ஆறுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அடுத்த வருஷம் ரெண்டு பேரும் கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க.

கடைசி வரியைக் கேட்டு அந்த அம்மா சிரிச்ச சிரிப்புல தையல் அசைஞ்சிருச்சு. சிஸ்டர் என்னை முறைச்சாங்க.

(நடுவுல ஒரு குறிப்பு: பலூன் ஊதினா உதடு வீங்கும், கையுறை பட்டா தடிப்பு வரும்னா அது ரப்பர் பால் ஒவ்வாமையா இருக்கலாம். எந்த ஆபரேஷனுக்கு முன்னாடியும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. வேற பொருள்ல கையுறை உண்டு.)

கட்டுப் போட்டு முடிச்சு, சும்மா பேச்சுவாக்குல கேட்டேன்: "அப்போ உங்க சொந்த ஊர் எதும்மா?"

"அங்க இருந்தப்போ இந்தியாக்காரின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரின்னாங்க. 2017 ஒக்கி புயல்ல லயத்துக்கு முன்னாடி இருந்த மரமெல்லாம் சாய்ஞ்சுச்சே, அன்னைக்கு உக்காந்து அழுதேன். எதுக்கு அழுதேன்னு தெரியல. எங்க வீட்டு மரம் கூட இல்ல அது."

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. டிடி ஊசி எழுதிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழிச்சு தையல் பிரிக்க வந்தாங்க. நல்லா ஆறியிருந்தது. கிளம்பும்போது மடியில இருந்து மூணு ரப்பர் கொட்டை எடுத்து மேசையில வெச்சாங்க. "நேத்து விழுந்தது. புள்ளைங்க விளையாடட்டும். இல்லாட்டி சீக்கிரம் மண்ணுல போட்டுருங்க தம்பி, வெச்சிருந்தா செத்துரும்."

பாப்பா ஒண்ணைத் தரையில தேய்ச்சு என் கையில சூடு வெச்சுட்டா. மீதி ரெண்டையும் நாகர்கோவில்ல எங்க வீட்டு மொட்டை மாடித் தொட்டியில, மணல்ல, பாதி புதைச்சு வெச்சேன். ஒண்ணு முளைச்சிருக்கு. மூணு இலை. காத்து அடிச்சா எடுத்து உள்ள வைக்கிறேன்.